எலும்புக்குள் சிமெண்ட் எதற்கு?

"சிமெண்ட்டா? எலும்புக்குள்ளயா மிஸ்ஸி?"

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலையில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சிங்கப்பூரில் பழைய தலைமுறைத் தமிழர்களுக்குத் தாதி என்றால் இன்றைக்கும் மிஸ்ஸிதான். பாட்டிக்கு வயது 78. முதுகெலும்பில் ஒன்று நொறுங்கி, நரம்பை அழுத்தத் தொடங்கியிருந்தது. மேலும் கீழும் உள்ள எலும்புகளில் ஸ்குரூ போட்டு, கம்பியால் இணைத்து நிறுத்த வேண்டும். டாக்டர் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டுப் போன பிறகு மகன் அம்மாவிடம் தமிழில் சொன்னார்: "எலும்பு வீக்கா இருக்காம்மா. அதான் சிமெண்ட் வெச்சு ஸ்குரூவ ஒட்டுவாங்களாம்."

மகன் சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் தவறு. ஒட்டுவது. அந்த ஒரு சொல்லிலிருந்துதான் பாட்டியின் பயமெல்லாம் கிளம்பியது. ஒட்டினது விட்டுப்போனால் என்ன ஆகும், தண்ணீர் பட்டால் கரையுமா, குனிந்தால் பிய்ந்துவிடுமா என்று ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். எலும்பு அறுவைக் கூடத்தில் பல வருடம் நின்றவள் நான். அந்தச் சொல்லைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன். எலும்புச் சிமெண்ட் ஒட்டுவதில்லை, நிரப்புகிறது. இது பிடிபட்டுவிட்டால் டாக்டர் சொல்லும் மீதியெல்லாம் எளிதாக விளங்கும்.

பீர்க்கங்காய் நார்

எலும்பு முழுக்கக் கல் மாதிரி கெட்டியானது என்று நினைக்கிறோம். வெளி ஓடுதான் அப்படி. உள்ளே, முக்கியமாக முதுகெலும்பிலும் தொடையெலும்பின் தலையிலும் தோள்பட்டை மூட்டின் உருண்டையிலும், மெல்லிய இழைகளும் தகடுகளும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயைத் தோலுரித்தால் உள்ளே ஒரு நார்க்கூடு இருக்குமே, முதுகு தேய்த்துக் குளிக்க எடுத்து வைப்போமே, கிட்டத்தட்ட அதே அமைப்பு. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் மஜ்ஜை இருக்கிறது.

புது நாரை அழுத்தினால் விரலை எதிர்த்து நிற்கும். ஒரு வருடம் தேய்த்த நாரை அழுத்தினால் அமுங்கிப்போகும். எலும்பு மெலிவு நோயிலும் இதுதான் நடக்கிறது. இழைகள் மெலிந்து, சில அறுந்தே போய், இடைவெளிகள் அகலமாகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எலும்பின் வடிவம் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் வலி எதுவும் தெரியாமல் வருடக்கணக்கில் மெலிந்துகொண்டே வந்து, ஒருநாள் குளியலறையில் லேசாக வழுக்கியதும் முறிகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இந்த மெலிவு வேகமெடுக்கும். நீண்டகாலம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வரும்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ஆட்கள் எல்லாவற்றையும் 'எலும்புத் தேய்மானம்' என்று ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்வது வேறு நோய். எலும்பின் உள்வலை மெலிவது வேறு நோய். இரண்டுக்கும் மருந்தும் வேறு, சோதனையும் வேறு. மெலிவைக் கண்டுபிடிக்க, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பார்கள். அதில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும்; ஆரோக்கியமான இளம் வயது எலும்பின் அடர்த்தியிலிருந்து நம் எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவுப்படி, அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்பு மெலிவு நோய்.

ஸ்கேனுக்குப் போக வேண்டுமா என்பதை வீட்டிலேயே ஓரளவு கணித்துவிடலாம். மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்கென்று ஓர் எளிய கணக்கு இருக்கிறது, இங்கே பலதுறை மருந்தகங்களிலும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயதிலிருந்து எடையைக் கழிக்க வேண்டும். மீதி 20க்கு மேல் இருந்தால் ஆபத்து அதிகம். பாட்டியின் எடை 44 கிலோ. 78இலிருந்து 44 போனால் 34. எலும்பு நொறுங்குவதற்குப் பத்து வருடம் முன்பே யாராவது இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று எனக்கு மனது ஆறவில்லை.

ஸ்குரூ எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

மரத்தில் ஸ்குரூவை முடுக்கினால் அதன் புரிகள் மரத்துக்குள் வெட்டிக்கொண்டு இறங்கும். இரண்டு புரிகளுக்கு நடுவே சிக்கிய மரம்தான் ஸ்குரூவைப் பிடித்து நிறுத்துகிறது. இழுத்துப் பிடுங்க வேண்டுமென்றால் அந்த மரம் முழுவதும் அறுபட வேண்டும். எலும்பிலும் அப்படித்தான். பிடிப்பு எவ்வளவு என்பது புரி எவ்வளவு ஆழம், ஸ்குரூ எவ்வளவு தடிமன், எவ்வளவு நீளம் உள்ளே போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றையும்விட, புரிகளுக்கு நடுவே இருக்கும் எலும்பு எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்தது.

ஸ்குரூ டைட்டேனியக் கலவையில் செய்தது. மெலிந்த எலும்பில் முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள எலும்புதான். தேய்ந்த பீர்க்கங்காய் நாருக்குள் ஸ்குரூ போட்டால் புரிகளுக்கு நடுவே சிக்குவது நாலைந்து இழைகளும் நிறைய வெற்றிடமும்தான்.

இன்னொன்று. உடம்புக்குள் ஸ்குரூவை யாரும் நேராக இழுத்துப் பிடுங்குவதில்லை. நடக்கும்போது, உட்காரும்போது, கட்டிலிலிருந்து எழும்போது அது மேலும் கீழும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டப்படுகிறது. ஊரில் பந்தக்கால் ஊன்றினதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண் பொலபொலவென்று இருந்தால், காற்றில் கால் ஆட ஆடக் குழி அகலமாகிக்கொண்டே போகும். ஒருநாள் கையால் தூக்கினாலே வந்துவிடும். ஸ்குரூவும் அப்படித்தான் தளர்கிறது. எக்ஸ்ரேயில் அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைக் கண்டதும் டாக்டர்களின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். இடுப்பு எலும்பு முறிவில் இது வேறு வடிவில் வரும். தொடையெலும்பின் தலைக்குள் செலுத்திய உலோகம், மெலிந்த எலும்பை வெண்ணெய் மாதிரி அறுத்துக்கொண்டு மேலே மூட்டுக்குள் போய்விடும். மறுபடி அறுவைதான்.

இதற்கு என்ன செய்வது? கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் நம் தம்பிகளிடம் கேளுங்கள், சட்டென்று பதில் சொல்வார்கள். ஏற்கெனவே இறுகிவிட்ட கான்கிரீட்டில் புதிதாகக் கம்பி நட வேண்டுமென்றால் துளை போடுவார்கள், தூசியை ஊதி வெளியேற்றுவார்கள், துப்பாக்கி மாதிரியான கருவியில் கெமிக்கலை உள்ளே பாய்ச்சிக் கம்பியைச் சொருகுவார்கள், இறுகும்வரை தொட மாட்டார்கள். அறுவைக் கூடத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். என் வார்டுக்கு வந்த ஒரு கட்டுமானத் தொழிலாளித் தம்பி, பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "அக்கா, இத நாங்க தெனமும் செய்றோம்" என்றார். அன்றிலிருந்து அவர் சொன்னதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சுத்தம் செய்த கான்கிரீட்டில் அந்தக் கெமிக்கல் ஒட்டிக்கொள்ளும். எலும்புக்குள் ரத்தமும் கொழுப்பும் எப்போதும் ஈரமாக இருப்பதால், வழக்கமான எலும்புச் சிமெண்ட் எதனோடும் ஒட்டாது. அது குழைவாக இருக்கும்போதே இழைகளுக்கு நடுவே புகுந்து, இழைகளைச் சூழ்ந்துகொண்டு இறுகிவிடுகிறது. உருக்கின மெழுகைப் பீர்க்கங்காய் நாரில் ஊற்றி ஆறவிட்டால் எப்படி இருக்கும்? நாரையும் மெழுகையும் பிரிக்க முடியாது. ஒட்டினதால் இல்லை, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டதால். ஸ்குரூவின் நுனியைச் சுற்றி அப்படி ஓர் உருண்டை உருவானதும், முன்பு நாலைந்து இழைகள் மட்டும் தாங்கிய பாரத்தை இப்போது உருண்டையைச் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான இழைகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆய்வகங்களில் இழுத்துப் பார்த்த பல சோதனைகளில், மெலிந்த எலும்பில் ஸ்குரூவின் பிடிப்பு இரண்டு மடங்கு வரைக்கும், சிலவற்றில் அதற்கு மேலும் கூடியிருக்கிறது.

அது எந்தச் சிமெண்ட்?

கட்டடச் சிமெண்ட்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. பெரும்பாலும் பயன்படுவது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். கண்ணாடிக்குப் பதிலாக மாட்டும் அக்ரிலிக் தகடும், தாத்தாவின் பல்செட்டில் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும் பகுதியும் இதே குடும்பம்தான். பல் மருத்துவத்திலிருந்துதான் இது எலும்புக்கு வந்தது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1958இல் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்த இதைப் பயன்படுத்தத் தொடங்கினார். அவருக்கு இந்த யோசனையைக் கொடுத்தவர் மான்செஸ்டரின் பல் மருத்துவப் பள்ளியில் இருந்த டென்னிஸ் ஸ்மித் என்ற பொருள் அறிவியல் வல்லுநர். ஊசி வழியாக முதுகெலும்புக்குள் செலுத்துவது 1984இல் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கியது.

பெட்டியைத் திறந்தால் ஒரு பையில் வெள்ளைத் தூள், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் மாதிரி ஒரு திரவம். குப்பியை உடைத்ததும் நகப்பூச்சுக் கடை வாசலில் அடிக்குமே, அந்தக் காட்டமான வாடை கூடம் முழுக்கப் பரவும். தூளில் ஏற்கெனவே பாலிமராகிவிட்ட அக்ரிலிக் மணிகள், வினையைக் கிளப்பிவிடும் பென்சாயில் பெராக்சைடு, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்காகப் பேரியம் சல்ஃபேட் அல்லது சிர்கோனியம் டையாக்சைடு இருக்கும். வயிற்று எக்ஸ்ரேக்கு முன் குடிக்கச் சொல்வார்களே, அதே பேரியம்தான். அக்ரிலிக் தானாக எக்ஸ்ரேயில் தெரியாது. எங்கே போகிறது என்று திரையில் பார்க்க முடியாமல் எதையும் எலும்புக்குள் பாய்ச்சக் கூடாது.

இரண்டையும் கலந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். முதலில் நீர்த்த மாவு. பிறகு பற்பசை. பிறகு பிசைந்த மாவு. கடைசியில் கல். பற்பசைப் பதத்தில்தான் செலுத்த வேண்டும். தண்ணீராக இருக்கும்போது அவசரப்பட்டால் ரத்தக் குழாய்களுக்குள் ஓடிவிடும், தாமதித்தால் குழாயிலேயே இறுகிவிடும். அறையின் வெப்பம் கூடினால் சீக்கிரம் இறுகும், குளிர்ந்தால் நேரம் கிடைக்கும். வெளியே வெயில் எப்படி அடித்தாலும் உள்ளே நாங்கள் சால்வை கேட்கும் அளவுக்குக் குளிராக வைத்திருப்பதில் இதுவும் ஒரு வசதி. நான் நிமிடங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பேன். மிச்சமான சிமெண்ட்டைக் கையுறைக்குள் ஓர் உருண்டையாகப் பிடித்து வைத்திருப்போம். முதலில் சில்லென்று இருக்கும். பிறகு வெதுவெதுப்பு. திடீரென்று கை பொறுக்க முடியாத சூடு. அந்தச் சூடு வந்துவிட்டால் உள்ளே இருப்பதும் இறுகத் தொடங்கிவிட்டது என்று தெரியும். எத்தனை கருவிகள் வந்த பிறகும் நான் அந்த உருண்டையைத்தான் நம்பினேன்.

செலுத்த இரண்டு வழி. ஸ்குரூவுக்குப் போட்ட துளையில் முதலில் சிமெண்ட்டை நிரப்பிவிட்டு, இறுகுவதற்குள் ஸ்குரூவை முடுக்குவது பழைய வழி. இப்போது நடுவில் குழாய் மாதிரி ஓட்டையும், நுனிப் பக்கத்தில் சின்னச் சின்னத் துவாரங்களும் உள்ள ஸ்குரூக்கள் வந்துவிட்டன. முதலில் ஸ்குரூவைச் சரியான இடத்தில் போட்டு, எக்ஸ்ரேயில் உறுதி செய்துகொண்டு, பிறகு அதன் வழியாகவே சிமெண்ட்டை அனுப்பலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். ஸ்குரூ தப்பான இடத்தில் போயிருந்தால் சிமெண்ட் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும் அல்லவா?

அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். முதுகெலும்பில் ஒரு ஸ்குரூவுக்கு ஏறத்தாழ 1 முதல் 3 மில்லி. ஒரு தேக்கரண்டியே 5 மில்லி. தோள்பட்டையில் ஸ்குரூவின் நுனிக்கு அரை மில்லி போதும். ஓர் அளவுக்குமேல் கூட்டினால் பிடிப்பு பெரிதாகக் கூடாது, கசிவுதான் கூடும்.

என்ன ஆபத்து?

கசிவுதான் முதல் கவலை. முதுகெலும்பைச் சுற்றிச் சின்னச் சிரைகள் நிறைய ஓடுகின்றன. சிமெண்ட் அவற்றுக்குள் நழுவலாம். பெரும்பாலான கசிவுகள் எந்தத் தொந்தரவும் தராமல் எக்ஸ்ரேயில் மட்டும் தெரியும். அரிதாக நரம்பை அழுத்தலாம், அல்லது ரத்தத்தோடு போய் நுரையீரலில் அடைக்கலாம். இடுப்பில் செலுத்தும்போது மூட்டுக்குள் போய்விடக் கூடாது. அதற்காக முதலில் எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்தி, மூட்டுக்குள் ஓட்டை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்வார்கள். சிமெண்ட் போடும் நேரத்தில் சிலருக்கு ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் சட்டென்று இறங்கலாம். அதனால்தான் "சிமெண்ட் போகிறது" என்று மயக்க மருந்து டாக்டருக்கு உரக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குவோம். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அக்ரிலிக் கரையாது, எலும்பாகவும் மாறாது, ஆயுசுக்கும் அப்படியே இருக்கும். பாட்டியின் 'கரையுமா' என்ற கேள்விக்குப் பதில் இதுதான். இதில் நல்லதும் உண்டு, சங்கடமும் உண்டு. பின்னால் தொற்று வந்தால் ஸ்குரூவையும் சிமெண்ட்டையும் எடுப்பது பெரிய வேலை. எலும்பைவிடக் கெட்டியான உருண்டை ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதால், பக்கத்து முதுகெலும்பு மெலிந்திருந்தால் அதன்மேல் பாரம் கூடலாம் என்ற கவலையும் உண்டு. ஆகவே எலும்பு நன்றாக இருப்பவர்களுக்கு, இளையவர்களுக்கு இது தேவையில்லை. தடிமனான ஸ்குரூ, நீளமான ஸ்குரூ, கூடுதலாக இரண்டு எலும்புகளைச் சேர்த்துப் பிணைப்பது என்று வேறு வழிகளையும் டாக்டர்கள் யோசிப்பார்கள்.

எலும்பின் கனிமத்துக்கு நெருக்கமான கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட்டும் இருக்கிறது. அமெரிக்காவில் பல் ஆராய்ச்சியிலிருந்து 1980களில் பிறந்தது. உடம்பின் சூட்டிலேயே இறுகும், கொதிக்காது, எலும்பு மெல்ல மெல்ல அதை அரித்துத் தன்னுடையதாக மாற்றிக்கொள்ளும். கேட்க இதுவே மேல் என்று தோன்றும். ஆனால் அமுக்கினால் தாங்குமே தவிர, வளைத்தாலும் இழுத்தாலும் சுண்ணாம்புக்கட்டி மாதிரி உடையும். ரத்தம் கசியும் இடத்தில் இறுகுவதற்குள் கழுவிக்கொண்டும் போய்விடும். எலும்புக் குழிகளை நிரப்ப அருமையானது, ஆட்டம் காணும் ஸ்குரூவைப் பிடிக்க அக்ரிலிக் அளவுக்கு வராது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எனப்படும் கால்சியம் சல்ஃபேட்டை 1892லேயே எலும்புக் குழியில் அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது சில வாரங்களிலேயே கரைந்துவிடும். கரைந்து எலும்பாகும் குணமும் அக்ரிலிக்கின் பிடிப்பும் சேர்ந்த ஒன்றைத் தேடித்தான் ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்குரூ இல்லாமல், நொறுங்கிய முதுகெலும்புக்குள் வலிக்காகச் சிமெண்ட் மட்டும் செலுத்துவது வேறு சிகிச்சை. 2009இல் வெளிவந்த இரண்டு சோதனைகளில், போலியாகச் செய்த சிகிச்சையைவிட அது வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. இணையத்தில் அதைப் படித்துவிட்டு "சிமெண்ட்டே வேலை செய்யாதாம்" என்று அறுவையை மறுக்க வருபவர்கள் உண்டு. ஸ்குரூவுக்குப் பிடிப்புக் கொடுக்கப் போடும் சிமெண்ட் பற்றிய முடிவு அல்ல அது.

பாட்டி கேட்ட கடைசிக் கேள்வி, விமான நிலையத்தில் சத்தம் போடுமா என்பது. சிமெண்ட் உலோகம் இல்லை, அதனால் அது சத்தம் போடாது. ஸ்குரூவும் கம்பியும் போடலாம். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வருடா வருடம் மூன்று மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் போய்வருபவர் அவர்.

அந்த ஊர்ப் பயணத்தைப் பற்றித்தான் மகனிடம் அதிகம் பேசினேன். சிமெண்ட் பிடிப்பது ஸ்குரூவைச் சுற்றியுள்ள சின்ன வட்டத்தை மட்டும். அதற்கு வெளியே இருக்கும் எலும்பு முழுவதும் முன்போலவே மெலிந்துகொண்டுதான் இருக்கும், மருந்து கொடுக்காவிட்டால். பாட்டிக்கு எழுதியது டெனோசுமாப், ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. அதை இஷ்டத்துக்குத் தள்ளிப்போடவோ நிறுத்தவோ கூடாது. நிறுத்தினால் எலும்பின் அடர்த்தி வேகமாகச் சரிந்து, முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார். ஆகவே விமானச் சீட்டை எடுத்துவிட்டு ஊசியை யோசிக்காதீர்கள். ஊசித் தேதியை முதலில் பாருங்கள், அதற்குப் பிறகு சீட்டு எடுங்கள்.